நான் பார்த்த உலக முடிவுகள்

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு நான் செத்துப்போனேன். மாயவரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அது நடந்தது. வலி ஒன்றும் இல்லை.

பென்ஷன்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் பாங்க்குக்குப் போய் அதிகாரி முன்னால் நின்று ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். எதிரே யாரோ இருமுகிற சத்தம் கேட்டால் போதும், ஆள் இருக்கிறான் என்று நம்பி முத்திரை குத்திவிடுவார். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச் சான்றிதழ் வந்தது. இனி பாங்க்கில் போய் இரும வேண்டாம், விரல் ரேகை போதும் என்றார்கள்.

சென்டரில் இருந்த பெண் என் கட்டை விரலை ஒரு சின்னக் கண்ணாடி மேல் வைத்து அழுத்தினாள். வரவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள். அதுவும் வரவில்லை. ஆள்காட்டி விரல், நடு விரல் என்று பத்தையும் ஏலம் விட்டுப் பார்த்தாள்.

"பத்தும் வரலை தாத்தா."

"வரலைன்னா?"

"சிஸ்டம் உங்களை ஒத்துக்கல."

வெளியே குடையோடு நின்ற மனைவி, "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நான் இல்லையாம்."

"இதைத்தானே நாப்பத்தஞ்சு வருஷமா நான் சொல்றேன். ஒரு வேலைன்னு கூப்பிட்டா எப்பவும் இல்லைதான்."

ரேகை தேய்ந்ததற்குக் காரணம், ஆயிரக்கணக்கான தந்திகளை அடித்து இந்தத் தேசத்துக்கு உழைத்த உழைப்பு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ரிட்டயர் ஆனபிறகு சீட்டு கலைத்ததில் தேய்ந்தது என்பது மனைவியின் கட்சி. எப்படியோ போகட்டும். இதற்கெல்லாம் கலங்குகிற ஆள் நான் இல்லை. உலகமே அழிந்து, மறுநாள் காலையில் மணிக்கூண்டுப் பக்கம் போய் டீ குடித்தவன். அதுவும் ஒரு தடவை இல்லை.

என் பிறப்பே ஓர் உலக முடிவில்தான் தொடங்கியது. 1952 கடைசியில் ஒரு புயல் தஞ்சாவூர் ஜில்லாவைப் புரட்டிப் போட்டது. கூரை பறந்த அந்த ராத்திரியில்தான் நான் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர், "புயலெல்லாம் ரிஜிஸ்டர்ல எழுத முடியாதும்மா" என்று சொல்லி, அவராகவே 1953 ஜூலையில் ஒரு தேதியைப் போட்டார். இதனால் அரசாங்கத்திடம் எட்டு மாதச் சம்பளம் கூடுதலாக வாங்கியிருக்கிறேன். கேட்டால் திருப்பித் தர மாட்டேன்.

எனக்கு விவரம் தெரிந்த முதல் உலக முடிவு 1962 பிப்ரவரி 3, 4, 5 தேதிகளில் நடந்தது. அஷ்டகிரகச் சேர்க்கை. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது ஆகிய எட்டுப் பேரும் மகர ராசியில் கூடுகிறார்கள், பூலோகம் தாங்காது என்றார்கள். ராகு ஏன் வரவில்லை என்று தாத்தாவைக் கேட்டேன். "யாராவது ஒருத்தர் வீட்டைப் பாத்துக்க வேணாமாடா?" என்றார். வடக்கே ஊர் ஊராக யாகம் வளர்த்து நெய்யைக் கொட்டினார்கள். டெல்லியில் நேரு சிரித்துத் தள்ளினார். எங்கள் தெருவில் நேருவின் பேச்சு எடுபடவில்லை. அவருக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது என்பது பொதுக் கருத்து.

பிப்ரவரி முதல் தேதி, தாத்தாவுக்குக் கடன் கொடுத்தவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"உலகம் அழியப் போவுது. அதுக்கு முன்னாடி கணக்கை முடிச்சுக்குவோம்."

"வாங்கி எந்தப் பெட்டியில வைக்கப் போறீரு?"

"நீரு மட்டும் அதை வச்சு என்ன செய்யப் போறீரு?"

"நான் எங்க வச்சிருக்கேன்? அதைத்தான் அஞ்சு வருஷம் முன்னாடியே செலவு பண்ணிட்டேனே."

இருவர் சொன்னதிலும் தப்பில்லை என்பதால் பேச்சு அங்கேயே நின்றது. அவர் எழுந்து போகும்போது, அழியாவிட்டால் ஆறாம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் வேறு விதமான ஏற்பாடு நடந்தது. அம்மா பானையில் இருந்த வெல்லத்தை மொத்தமாக வழித்து அதிரச மாவு பிசைந்தாள். யாருக்காக மிச்சம் வைப்பது? மூன்று நாளும் அதிரசம். என் எழுபத்து மூன்று வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்டதே இல்லை. சுகர் என்று ஒரு வியாதி இருப்பது அப்போது எங்கள் தெருவுக்குத் தெரியாது.

ஆறாம் தேதி விடிந்தது. சேவல் கூவியது. பால்காரர் வந்தார், பாலில் வழக்கமான தண்ணீர் இருந்தது. கடன்காரரும் வந்தார். உலகம்தான் இருக்காதே என்று வீட்டுக்கணக்குப் போடாமல் போன பதினோரு பையன்கள் வரிசையாகப் பெஞ்சு மேல் ஏறி நின்றோம். அடுத்த அறுவடை வரைக்கும் வீட்டில் வெல்லம் இல்லை.

அதே மாதம் பொதுத்தேர்தல். காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை தோற்றார். எட்டுக் கிரகமும் கூடியது இதற்குத்தான் என்று காங்கிரஸ்காரர்கள் சிரித்தார்கள். ஐந்து வருஷம் கழித்து 1967இல் எந்தக் கிரகமும் எங்கேயும் கூடாமலே காங்கிரஸ் கவிழ்ந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகம் நிஜமாகவே அழியப் பார்த்ததும் அதே 1962தான். அக்டோபரில். கியூபாவில் ரஷ்யாக்காரன் ஏவுகணையை நிறுத்தி வைக்க, அமெரிக்காக்காரன் கப்பலைக் கொண்டு சுற்றி வளைக்க, பதின்மூன்று நாள் இரண்டு பேரும் விசையில் விரலை வைத்துக்கொண்டு முறைத்தார்கள். அக்டோபர் 27ஆம் தேதி கடலுக்கு அடியில் பி-59 என்ற ரஷ்ய நீர்மூழ்கி. மேலே அமெரிக்கக் கப்பல்கள் வெடி போட்டுப் பயமுறுத்துகின்றன. உள்ளே அணுகுண்டு வைத்த டார்பிடோ. விட்டுவிடலாம் என்று கப்பல் தலைவர் துடித்தார். கூட இருந்த வசீலி அர்க்கிப்பவ் என்ற அதிகாரி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஓர் ஆள் வேண்டாம் என்று தலையாட்டியதால்தான் நானும் நீங்களும் இருக்கிறோம். இந்த விவரம் வெளியே வரவே ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆனது.

அதற்காக மாயவரத்தில் ஓர் அதிரசம்கூட யாரும் சுடவில்லை. தீபாவளியும் அந்த வாரம்தான். சீனாக்காரன் எல்லையைத் தாண்டிவிட்டான் என்ற சேதி வந்திருந்ததால், பொட்டு வெடித் துப்பாக்கியால் வடக்குத் திசையைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தோம். பயத்தையெல்லாம் பிப்ரவரியிலேயே செலவழித்தாகிவிட்டது. வெல்லமும் இல்லை.

பிறகு நான் தந்தி ஆபீசில் சேர்ந்தேன், 1974இல். தந்தி என்றால் என்னவென்று கேட்கிற பேரப்பிள்ளைகளுக்கு: அது வாட்ஸ்அப்தான். ஆனால் வார்த்தைக்குக் காசு. அதனால் யாரும் குட்மார்னிங் அனுப்ப மாட்டார்கள். கிராமத்தில் தந்திச் சேவகரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். அழுது முடித்த பிறகுதான் இங்கிலீஷ் தெரிந்தவரைத் தேடிப் போவார்கள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, 'பம்பாய்க்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன்' என்று படிப்பார். அழுததை என்ன செய்வது? திரும்பப் பெற முடியாது. செத்தவனுக்குச் சொல்லவேண்டிய பெருமையெல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்தப் பிள்ளை லீவில் வரும்போது, பழைய கோபம் இருந்தவர்கள்கூட அவனிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள்.

1979இல் நான் ஒரு சின்ன ஊர்த் தந்தி ஆபீசில் தனிக்கட்டையாக இரவு டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது உலக முடிவு வானத்திலிருந்து வந்தது. ஸ்கைலாப். அமெரிக்கா 1973இல் மேலே அனுப்பிய ஆய்வுக்கூடம். சுமார் 77 டன். கீழே விழப்போகிறது, எங்கே விழும் என்று அனுப்பியவர்களுக்கே தெரியாது. அப்படியென்றால் நம் தலையில்தான் என்று ஊர் முடிவு கட்டியது. கோயில் மண்டபத்தில் படுத்தால் விமானம் தாங்கும் என்று ஜமுக்காளத்தோடு போனார்கள் சிலர். கறிக்கடைக்காரர் தீபாவளிக்கு விற்காததை அந்த வாரம் விற்றார்.

அந்த நாட்களில் ஒரு பெரியவர் தந்தி கொடுக்க வந்தார். மகன் சென்னையில் வேலை. 'ஸ்கைலாப் ஃபாலிங் ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று எழுதினேன். விலாசத்துக்கும் சேர்த்து வார்த்தையை எண்ணுவோம். அவர் காசை எடுக்காமல் யோசித்தார்.

"தம்பி, ஸ்கைலாப் ஒரு வார்த்தையா, ரெண்டு வார்த்தையா?"

"விழற வரைக்கும் ஒண்ணுதான் ஐயா. விழுந்தப்புறம் எத்தனைன்னு சொல்ல முடியாது."

மறுநாள் மகனிடமிருந்து பதில் வந்தது. லீவு இல்லை, விழுந்ததும் தந்தி கொடுக்கவும் என்றிருந்தது. பெரியவர் அதை வாங்கி நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டார். "இவனுக்குப் போய் காசைச் செலவு பண்ணினேனே" என்றார்.

ஜூலை 11ஆம் தேதி இரவு நம்மை விட்டுவிட்டு, இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் என்ற ஊர்ப் பக்கமும் அது சிதறி விழுந்தது. ஒரு துண்டைக் கொண்டுவருகிறவருக்குப் பத்தாயிரம் டாலர் என்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பத்திரிகை அறிவித்திருந்தது. எஸ்பெரன்ஸில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் கொல்லையில் கிடந்த கரித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு விமானம் ஏறிப் போய்ப் பரிசை வாங்கினான். நம் தலையில் விழாததில் எனக்கு முதன்முதலாக வருத்தம் வந்தது அதைப் படித்தபோதுதான். பொது இடத்தில் குப்பை போட்ட குற்றத்துக்காக அந்த ஊர் நிர்வாகம் அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. நாசா கட்டவில்லை. முப்பது வருஷம் கழித்து 2009இல் ஒரு ரேடியோ அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூல் செய்து கட்டினார். என் வீட்டு வாசலில் நாள்தோறும் குப்பையைக் கொட்டுகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்தக் கதையை விவரமாகச் சொன்னேன். "நான் நாசா இல்லையே சார்" என்றார்.

ஸ்கைலாப் விழுந்து நாலே நாளில், ஜூலை 15ஆம் தேதி, டெல்லியில் மொரார்ஜி தேசாய் ராஜினாமா செய்தார். இந்தியாவுக்கு வரவேண்டிய துண்டு வழிதவறிக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது என்பது எங்கள் ஆபீஸ் முடிவு. மனிதரைக் குறைத்துச் சொல்லவில்லை. 81 வயதில் பிரதமரானவர். எனக்கு 73, மத்தியானக் குழம்பு என்ன என்று தீர்மானிக்கும் இடத்தில்கூட என்னைச் சேர்ப்பதில்லை. பிப்ரவரி 29இல் பிறந்ததால் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவருக்கு வயசாயிற்று. 99 வரை இருந்தார். அந்த ஆரோக்கியத்துக்கு எது காரணம் என்று அவரே பகிரங்கமாகச் சொன்ன பானத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். கையில் காபியோடு இதைப் படிக்கிறவர்கள் இருப்பார்கள்.

1991 டிசம்பர் 25, கோர்பச்சேவ் ராஜினாமா. இது எங்கள் யூனியன் தோழருக்கு மட்டும் உலக முடிவு. முதலாளித்துவம் பத்து வருஷத்தில் சரியும் என்று பத்து வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லிவந்தவர். தந்திச் சேவகர்களின் சலவைப்படியை உயர்த்தக் கேட்டு நாங்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்த சமயம். தோழர் பேப்பரை மடித்து வைத்தார். "சோவியத் போனா போகட்டும். சலவைப்படியை விடக் கூடாது" என்றார். எங்கள் வீட்டுக்கு அதில் நஷ்டம் வேறு. பிள்ளைகளின் நோட்டுக்கெல்லாம் 'சோவியத் நாடு' பத்திரிகையின் தாளைக் கிழித்துத்தான் அட்டை போடுவோம். அந்த வழவழப்பை முதலாளித்துவம் இன்று வரை அந்த விலைக்குத் தரவில்லை.

1999 டிசம்பர் 31க்கு வருவோம். கம்ப்யூட்டர்கள் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்திருக்கின்றன, 00 வந்தால் 1900 என்று எண்ணிக்கொள்ளும், விமானம் விழும், பாங்க் படுக்கும் என்றார்கள். நான் அன்று இரவு டியூட்டி. எண்ணிப் பார்த்தேன். 1900 என்றால் எனக்கு வயசு மைனஸ் ஐம்பத்து மூன்று. இதுவரை வாங்கிய சம்பளம் முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டி வரும். பிளாஸ்கில் காபியும் கையில் டார்ச்சுமாக மூன்று பேர் காத்திருந்தோம். மணி பதினொன்று ஐம்பது. ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தாலும் பதினொன்று ஐம்பது. ஆகா, ஆரம்பித்துவிட்டது என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் செல் தீர்ந்திருந்தது. புதிய நூற்றாண்டு எங்கள் ஆபீசுக்கு இருபது நிமிஷம் தாமதமாக வந்தது.

ஆனால் ஒய்2கே என்று பெயர் வைத்த அந்தப் பீதி நல்ல காரியம் ஒன்று செய்தது. எதிர் வீட்டுப் பையன் யாரும் சீண்டாத கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துவிட்டு, அமெரிக்கக் கம்ப்யூட்டர்களில் அந்த இரண்டு இலக்கத்தை நாலாக்கப் போனான். நியூ ஜெர்சியிலேயே தங்கிவிட்டான். இங்கே அவன் அப்பா மூன்று மாடி எழுப்பி எங்கள் வீட்டுக்கு வந்த காற்றை நிறுத்தினார். இத்தனை உலக முடிவில் நான் கண்டது இதுதான்: ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் வீடு கட்டிவிடுகிறார். நான் இல்லை.

2012 டிசம்பர் 21, மாயன் காலண்டர். சினிமாவே எடுத்தார்கள். அன்று எனக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்ததால் கவனிக்கவில்லை.

2013 ஜூலை நான் ஓய்வு பெறுகிற மாதம். 31ஆம் தேதி எனக்கு மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம் என்று ஏற்பாடு. ஆனால் 14ஆம் தேதியோடு தந்தியே போய்விட்டது. நூற்று ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய சர்வீஸ் என்னைவிடப் பதினேழு நாள் முந்திக்கொண்டது. கடைசி நாளில் வந்த கூட்டம் இருக்கிறதே! வாழ்நாளில் ஒரு தந்தி கொடுத்திராதவர்கள் வரிசையில் நின்று, ஞாபகார்த்தமாகத் தங்களுக்குத் தாங்களே தந்தி அனுப்பிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள் சாவு வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நானும் ஒன்று எனக்கே அனுப்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டாள். மீதிப் பதினேழு நாளும் வேலை இல்லாத ஆபீசுக்கு நேரத்துக்குப் போய்வந்தேன்.

கொரோனாவைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குத் தட்டைத் தட்டச் சொன்னார்கள். என் மனைவி தட்டிய வேகத்தில் நாற்பது வருஷக் கணக்கு முழுவதும் இருந்தது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள்; என்னை வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டியவளைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. கபசுரக் குடிநீரை என் தொண்டையில் ஊற்றித் தன் எதிர்ப்பைத் தெரிவித்தாள். காலை நடை முடிந்து டீக்கடைப் பெஞ்சில் நாங்கள் ஆறு பேர் உட்காருவோம். கடை திரும்பத் திறந்தபோது நாலு பேர்.

அந்த நாலு பேர்தான் இப்போது உலக விவகாரம் முழுவதையும் கவனித்துக்கொள்கிறோம். தோழர், தலைமையாசிரியர் ஒருவர் (எனக்குப் பிறந்த தேதி போட்டவர் இல்லை), பாங்க் கேஷியர், நான். உக்ரைன் ஒரு டீக்குள் முடிந்துவிடும். மேற்காசியாவுக்கு இரண்டாவது டீ தேவைப்படும். நாங்கள் உட்காரும் இடமும் பொருத்தமானதுதான். எங்கள் ஊர் மணிக்கூண்டே உலக விவகாரத்தில் முளைத்தது. 1943இல் ஆப்பிரிக்காவில், துனிசியாவில், நேச நாடுகள் ஹிட்லரின் படையைத் தோற்கடித்ததன் நினைவாகக் கட்டியது. துனிசியாவில் ஜெயித்ததற்கு மாயவரத்தில் கடிகாரம்! அதன் கீழே நின்று பூ விற்கிற அம்மாவுக்கோ, பஸ்ஸை விட்டுவிட்டு மணி பார்க்கிறவனுக்கோ ஹிட்லரின் தளபதி ரோமலைத் தெரியாது.

போன வருஷம் தலைமையாசிரியர் வேறொரு கடிகாரத்தைப் பற்றிச் சொன்னார். சிகாகோவில் அணு விஞ்ஞானிகள் 1947இலிருந்து ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்களாம். நள்ளிரவு என்றால் உலக முடிவு. முள்ளை அவர்களே கூடி முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். சோவியத் சரிந்த 1991இல் பதினேழு நிமிஷம் பாக்கி. 2025 ஜனவரியில் 89 விநாடி பாக்கி.

"தொண்ணூறுகூட இல்லையா?" என்றார் கேஷியர். அவருக்குச் சில்லறை பிடிக்காது.

"1962 அக்டோபர்ல எத்தனை காட்டிச்சு?" என்று கேட்டேன்.

ஏழு நிமிஷம். கியூபா விவகாரம் வந்த வேகத்தில் போய்விட்டதால், அவர்கள் கூட்டம் போட்டு முள்ளை நகர்த்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுவருஷம் பன்னிரண்டு நிமிஷம் என்று பின்னால் தள்ளி வைத்தார்கள். எனக்கு இதைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. நாங்கள் பஞ்சாங்கம், அவர்கள் பௌதிகம். இரண்டு பேருக்கும் சரியான தேதி மட்டும் சிக்கவில்லை.

பிரவுசிங் சென்டரில் என்னை அப்படியே விட்டுவிட்டேனே! அந்தப் பெண் கெட்டிக்காரி. விரல் வராவிட்டால் என்ன, முகத்தை வைத்துப் பார்க்கலாம் என்று செல்போனை என் மூஞ்சிக்கு எதிரே நீட்டினாள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். வெளிச்சம் போதவில்லை என்று வாசலுக்குக் கூட்டிவந்தாள். மனைவி குடையை மடக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கண்ணைச் சிமிட்டுங்க தாத்தா."

சிமிட்டினேன்.

"ஆங், வந்துடுச்சு."

"இந்த வயசுல நடுரோட்டுல நின்னு கண்ணடிக்க வச்சுட்டியேம்மா" என்றாள் மனைவி அவளிடம்.

சான்றிதழை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். பத்து ரூபாய். லேமினேட் செய்து தரட்டுமா, இன்னும் இருபது ரூபாய் ஆகும் என்று கேட்டாள். ஒரு வருஷம்தானே, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.